பற்களை வெண்மையாக்கிக்கொள்ளுதல்: பலனும் பாதுகாப்பும்

பல் வெண்மையாக்கத்தைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள்: பல் உண்மையிலேயே வெளுக்குமா, வெளுத்தால் பல்லுக்குக் கேடு வருமா? ஏற்ற கறைக்கு ஏற்ற மருந்தைச் சொன்ன அளவிலும் சொன்ன காலத்துக்கும் பயன்படுத்தினால் பல் வெளுக்கும். ஆரோக்கியமான பல்லுக்கு அதனால் நிலையான கேடு வருவதாகத் தெரியவில்லை. பெரும்பாலான தொல்லைகள் கறையின் வகையைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவதாலும், இரண்டு வார வேலையை இரண்டு நாளில் முடிக்க நினைப்பதாலும் வருகின்றன. ஆகவே எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, பல்லிலிருந்தே தொடங்கலாம்.

கறை எங்கே இருக்கிறது?

பல்லின் வெளிப்போர்வையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. பல்லின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதற்கு அடியில் இருக்கும், மஞ்சள் சாயல் கொண்ட டென்டின் என்ற அடுக்கு. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடித்துக்கொண்டே போகிறது. ஒழுங்காகப் பல் துலக்குபவருக்கும் நடுவயதில் பல் மஞ்சளாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கோரைப்பற்கள் முன்பற்களைவிட ஒரு படி கூடுதல் மஞ்சளாக இருப்பதும் இயல்பான அமைப்புதான். அதற்கு மருத்துவம் தேவையில்லை.

கறை பல்லின் மேற்பரப்பில் படிந்திருக்கலாம், அல்லது பல்லுக்குள்ளேயே ஊறியிருக்கலாம். தேநீர், காப்பி, புகையிலை, நீண்ட நாள் பயன்படுத்திய குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிக்கும் மருந்து, இரும்புச்சத்து டானிக் ஆகியவை விடும் கறை பெரும்பாலும் முதல் வகை. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கிப் பாருங்கள். பழுப்பு நிறம் ஈறோரத்திலும் பல் இடுக்குகளிலும் கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருந்தால் அது மேற்பரப்புக் கறை. பல்லின் முகம் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் நிறம் உள்ளிருந்து வருகிறது. மேற்பரப்புக் கறைக்கு வெளுக்கும் மருந்தே வேண்டாம். பல் மருத்துவர் பற்காரையை நீக்கி மெருகேற்றினாலே போய்விடும். வெண்மையாக்கம் வேண்டும் என்று வருபவர்களில் சிலர் இந்தச் சுத்தத்தோடு மனம் நிறைந்து திரும்பிவிடுவதும் உண்டு.

உள்ளிருக்கும் நிறத்திலும் எல்லாம் ஒன்றல்ல. வயதால் வந்த மஞ்சள்தான் மருந்துக்கு மிக எளிதில் இணங்கும். குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்ததால் வந்த பழுப்புத் திட்டுகளும் ஓரளவு மங்கும். ஆனால் அதே காரணத்தால் வந்த வெள்ளைத் திட்டுகள் சிகிச்சையின் தொடக்கத்தில் முன்னைவிட எடுப்பாகத் தெரியக்கூடும். பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் படிந்த சாம்பல் அல்லது நீலச் சாயல்தான் மிகக் கடினமானது. அதற்கு இரண்டு வாரம் போதாது. பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும், அப்போதும் ஈறோரப் பகுதி முழுதாக வெளுக்காமல் போகலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்குபவருக்கு ஏமாற்றம் குறைவு.

வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் கறுத்தோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், எந்த மருந்தையும் தடவுவதற்கு முன் கட்டாயம் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்றோ பட்ட அடியால் அந்தப் பல்லின் உள்ளே இருக்கும், நரம்பும் இரத்தக்குழாயும் கொண்ட பற்கூழ் செத்திருக்கலாம். அதற்கு வேர் சிகிச்சை செய்து, வேரின் அடைப்புக்கு மேல் ஒரு தடுப்பு வைத்து, பல்லின் உள்ளிருந்தே வெளுக்கும் முறை தனியாக உண்டு. அதிக வீரியமுள்ள மருந்தைச் சூடேற்றி உள்ளே வைத்த பழைய முறையில், ஈறுக்குக் கீழே வேர் வெளிப்புறமாக அரிக்கப்படும் சிக்கல் சிலருக்கு வந்ததால், சூடேற்றும் பழக்கம் கைவிடப்பட்டுவிட்டது.

தொடங்கும் முன் ஒரு பரிசோதனை

வீட்டில் தானே செய்துகொள்ளப் போகிறவருக்கும் இந்தப் பரிசோதனை தேவை. சொத்தை, விரிசல், ஈறையொட்டித் தேய்ந்த பல்லின் கழுத்துப்பகுதி, ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் ஆகியவை வழியாக மருந்து நேரே உள்ளே இறங்கினால் வலி தாங்க முடியாமல் போகும். ஈறு வீக்கமும் இரத்தக் கசிவும் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். பல்லின் நிறத்தில் வைத்த ஃபில்லிங், கேப், வெனீர் (பல்லின் முகத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) ஆகியவற்றின் நிறத்தை எந்த வெளுக்கும் மருந்தும் மாற்றாது. முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருப்பவருக்குச் சுற்றியுள்ள பல் வெளுத்தபின் அது மஞ்சள் திட்டாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை மாற்றும் செலவையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. அழகுக்காகச் செய்யும் ஒன்றில் அவசரம் எதுவும் இல்லை. இளம் வயதினருக்குப் பற்கூழ் அறை பெரிதாக இருப்பதால் கூச்சம் எளிதில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதி, 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு (பல்லை வெளுக்கும் வேதிப்பொருள்) உள்ள வெண்மையாக்கப் பொருள்களை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 0.1 முதல் 6 சதவீதம் வரையிலான பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம், ஒவ்வொரு சுற்றின் முதல் பயன்பாடும் மருத்துவர் கையாலோ அவர் மேற்பார்வையிலோ நடக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும், வீட்டுப் பயன்பாட்டுக்கான வீரியம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

சிகிச்சைக்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலுக்கு எதிரே நின்று எடுங்கள்; பின்னர் எடுக்கும் படங்களையும் அதே இடத்தில் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் கண், நிறம் மாறுவதை உணராது. உணராதவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருப்பார். மருத்துவமனைகளில் வீட்டா என்ற 16 நிறப் பட்டியல் கொண்டு தொடக்க நிறத்தைக் குறித்துவைப்பதும் இதற்காகத்தான்.

வீரியமும் நேரமும்

பல்லை உண்மையில் வெளுக்க வைப்பது பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் எனாமலுக்குள் ஊடுருவி டென்டினையும் எட்டுகிறது; அங்கே நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைத்து, ஒளியைக் குறைவாக உறிஞ்சும் சிறு மூலக்கூறுகளாக மாற்றுகிறது. எனாமலைச் சுரண்டுவதோ கரைப்பதோ இதில் இல்லை. கார்பமைடு பெராக்சைடு என்று உறையில் இருந்தால் அது யூரியாவோடு பிணைந்த பெராக்சைடு; 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இந்தக் கணக்கு தெரியாமல் 16 என்ற எண்ணை 6 என்ற எண்ணோடு ஒப்பிட்டு முன்னது மிகக் கடுமையானது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

கார்பமைடு பெராக்சைடு முதலில் ஈறுப் புண்ணுக்கான கிருமிநாசினியாகத்தான் வாய்க்குள் வந்தது. ஈறுக்காகக் கொடுத்த மருந்து பல்லையும் வெளுத்ததைச் சில மருத்துவர்கள் கவனித்தார்கள். 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் அதை, இரவில் அணியும் ட்ரே (பல்வரிசையின் வடிவில் செய்த மெல்லிய பிளாஸ்டிக் உறை) முறையாக வகுத்து வெளியிட்டார்கள். இன்றுவரை மிக அதிகமாக ஆராயப்பட்டிருப்பதும், பாதுகாப்பில் மிகுந்த நம்பிக்கைக்குரியதும் அந்த 10 சதவீதக் கார்பமைடு ஜெல் முறைதான்.

வீரியத்தைக் கூட்டினால் வேகம் கூடும், கூச்சமும் கூடும். இறுதியில் கிடைக்கும் வெண்மை பெரிதாகக் கூடாது. குறைந்த வீரியத்தில் போதுமான நாள் தொடர்ந்தவரும், அதிக வீரியத்தில் விரைவாக முடித்தவரும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் அது எட்டக்கூடிய ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் மருந்து வேலை செய்யாது. என் கருத்தில், அவசரமான நிகழ்ச்சி எதுவும் இல்லாதவருக்கு அதிக வீரியத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இல்லை.

எந்த முறை?

மருத்துவர் அளவெடுத்துச் செய்துதரும் ட்ரேயும் குறைந்த வீரிய ஜெல்லும் முதல் தேர்வு. மருத்துவமனை நாற்காலியில் 25 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து ஒரே அமர்வில் செய்யும் முறைக்கு, ஈறின் மேல் தடுப்புப் பூசிக் காக்கத் தெரிந்த பயிற்சி பெற்ற கை வேண்டும். அழகு நிலையங்களில் அதை ஏற்கக் கூடாது. அந்த அமர்வில் பயன்படுத்தும் நீல விளக்கு பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும்; ஆனால் சில வாரங்கள் கழித்து அளந்தால் விளக்கு வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. விளக்கின் சூடு கூச்சத்தைக் கூட்டக்கூடும் என்பதுதான் மிச்சம். அமர்வு முடிந்ததும் பளிச்சென்று தெரியும் வெண்மையில் ஒரு பகுதி பல் உலர்ந்துபோனதால் வருவது. உமிழ்நீரில் பல் மறுபடி நனைந்ததும் ஒன்றிரண்டு நாளில் நிறம் சற்று இறங்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அப்போது பதற வேண்டாம்.

கடையில் கிடைக்கும் ஸ்ட்ரிப்களும் (பல்லின் மேல் ஒட்டும் மருந்துப் பட்டைகள்) பெராக்சைடு உள்ளவையாக இருந்தால் வேலை செய்கின்றன. பல் வரிசை சீராக இருப்பவருக்கு அவை பொருந்தும்; பற்கள் முன்பின்னாக இருந்தால் ஸ்ட்ரிப் ஒட்டாத மடிப்புகள் மஞ்சளாகவே தங்கிவிடும்.

வெண்மை தரும் பற்பசைகளைப் பற்றி இரண்டு வரி போதும். அவை மேற்பரப்புக் கறையைத் தேய்த்து எடுக்கும், உள்நிறத்தை மாற்றா. சிலவற்றில் உள்ள நீலச் சாயம் பல்லின் மேல் மெல்லப் படிந்து, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும். அது ஒளியின் விளையாட்டு, சில மணி நேரத்தில் போய்விடும்.

ட்ரே முறையைச் செய்வது எப்படி?

முதலில் ட்ரே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பல்லில் இறுக்கமாக உட்கார வேண்டும், ஓரம் ஈறைக் குத்தக் கூடாது, நாக்கால் தள்ளினால் எழும்பக் கூடாது. வெந்நீரில் முக்கிக் கடித்து உருவாக்கும் பொதுவான ட்ரேக்கள் தளர்வாக இருப்பதால் ஜெல் ஈறில் வழிகிறது. ஈறு எரிச்சல் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இதனால்தான்.

இரவு உணவுக்குப் பின் பல் துலக்கி, இடுக்குகளை நூலால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ட்ரே நன்கு உலர்ந்திருக்க வேண்டும். வெளுக்க வேண்டிய ஒவ்வொரு பல்லுக்கும் ட்ரேயின் முன்சுவரின் உட்புறத்தில், நடுப்பகுதியில், அரிசி அளவு ஜெல் ஒரு துளி போதும். கடைவாய்ப் பற்களுக்குத் தேவையில்லை. ட்ரேயைப் பொருத்தியபின் முன்புறத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஜெல் பரவிப் பல்லின் முகத்தை மூடுவது ட்ரே வழியே தெரியும். ஓரத்தைத் தாண்டி ஈறில் பிதுங்கியதை உலர்ந்த மென்மையான பிரஷாலோ சுத்தமான துணியாலோ துடைத்தெடுங்கள். ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டியிருந்தால் ஜெல்லின் அளவு அதிகம் என்று பொருள், மறுநாள் குறையுங்கள்.

10 சதவீதக் கார்பமைடு ஜெல்லை இரவு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். அதன் வீரியம் முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, பின் மெல்ல மெல்லக் கரைகிறது. ஆகவே தூக்கத்தில் ட்ரே அணிய முடியாதவர் மாலையில் இரண்டு மணி நேரம் வைத்தாலும் பலன் கிடைக்கும், சில நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லோ சீக்கிரமே தீர்ந்துபோவது. உறையில் சொன்ன நேரத்துக்கு மேல் வைத்திருப்பதில் கூச்சம்தான் கிடைக்கும். எடுத்தபின் வாயைக் கொப்பளித்து, மிச்ச ஜெல்லை மென்மையான பிரஷால் துலக்கிவிட்டு, ட்ரேயைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரில் அது உருமாறிவிடும்.

முதலில் மேல்வரிசையை மட்டும் செய்வது நல்ல வழக்கம். கீழ்வரிசையோடு ஒப்பிட்டு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று நேராகப் பார்க்க முடியும், இரண்டிலும் ஒரே நேரத்தில் கூச்சம் வருவதையும் தவிர்க்கலாம். வயதால் வந்த மஞ்சளுக்குப் பொதுவாக இரண்டு வாரம் போதும். கோரைப்பற்கள் பின்தங்கினால் கடைசியில் சில நாள் அவற்றுக்கு மட்டும் ஜெல் வைக்கலாம். கண்ணின் வெள்ளைப் பகுதியும் பல்லும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் தெரியும்போது நிறுத்திக்கொள்வது பார்வைக்கு இயல்பாக இருக்கும். அதையும் தாண்டிப் போகிறவர்களின் பல் நுனிகள் சில நேரம் நீலச் சாம்பலாகத் தெரியத் தொடங்கும், அது விரும்பத்தக்கதல்ல.

ஜெல்லைக் குளிர்சாதனப் பெட்டியில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் பெராக்சைடு சிதைந்துவிடும்.

கூச்சமும் ஈறு எரிச்சலும்

பல் கூச்சம் மிகப் பரவலான பக்க விளைவு. குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று இழுப்பதும், எதுவும் படாமலே மின்னலாக ஒரு குத்தல் வந்து போவதும் இதன் அடையாளம். பெராக்சைடு பற்கூழை எட்டி அங்குள்ள நரம்பைத் தற்காலிகமாகத் தூண்டுவதால் வரும் இது, மருந்தை நிறுத்திய சில நாளில் தானே அடங்கும். ஏற்கெனவே கூச்சம் உள்ளவர்கள் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையால் துலக்கி வரலாம். நடுவே கூச்சம் வந்தால் அதே பற்பசையை ட்ரேயில் மெல்லப் பூசிப் பத்து முதல் முப்பது நிமிடம் அணிந்தால் இதம் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல் வைப்பதும் வழக்கமான தீர்வுதான். இடைவெளி விட்டால் முன்பு கிடைத்த வெண்மை வீணாகாது. ஒரே பல்லில் மட்டும் வலி தங்கினால், அல்லது மருந்தை நிறுத்தி ஒரு வாரமாகியும் வலி அடங்காவிட்டால், அது சாதாரணக் கூச்சம் அல்ல. விரிசலோ சொத்தையோ இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈறில் ஜெல் பட்ட இடம் வெளிறி, வெள்ளைத் தோலாகத் தெரிந்து எரியும். நீரால் நன்கு கழுவினால் குறைந்த வீரியத்தில் சில மணி நேரத்திலேயே நிறம் திரும்பிவிடும். அதிக வீரிய மருந்து பட்டால் புண்ணாகி ஆற நாளாகும்.

தொடவே கூடாதவை

எலுமிச்சைச் சாறு, வினிகர், புளிப்பான பழக்கூழ் ஆகியவற்றை வெண்மைக்காகப் பல்லில் தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறையச் சுற்றிவருகின்றன. வாயின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறோ பிஎச் 2 முதல் 3 வரை. அமிலம் மென்மையாக்கிய எனாமலை உடனே பிரஷால் தேய்த்தால் அது பெயர்ந்து வருகிறது. அன்று பல் சற்று வெளுப்பாகத் தெரியும், காலப்போக்கில் எனாமல் மெலிந்து கீழிருக்கும் மஞ்சள் டென்டின் மேலும் துலங்கும். வெண்மைக்காகச் செய்தது மஞ்சளைக் கூட்டி முடிகிறது. இழந்த எனாமல் திரும்ப வளராது. சமையல் சோடா தனியே அத்தனை சொரசொரப்பானது அல்ல. அதை எலுமிச்சையோடு கலப்பதுதான் கேடு.

கரித்தூள் பற்பசைகள் வெளுக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை. நுண்ணிய துகள் பல்லைத் தேய்ப்பதோடு, ஃபில்லிங்கின் ஓரங்களிலும் வெடிப்புகளிலும் புகுந்து கறுப்புக் கோடாகத் தங்கிவிடவும் கூடும். பெராக்சைடு இல்லை என்று விளம்பரப்படுத்தி, குளோரின் டை ஆக்சைடு அல்லது சோடியம் குளோரைட்டை அமிலத்தோடு கலந்து பூசும் பொருள்களையும் ஒதுக்குங்கள்; அந்த அமிலம் எனாமலை அரித்துச் சொரசொரப்பாக்கும். உறையில் வேதிப்பொருளின் பெயரும் சதவீதமும் இல்லாத எதையும் வாயில் வைக்கக் கூடாது.

முடித்தபின்

முதல் இரண்டு நாள் நிறமுள்ள உணவு எதையும் தொடக் கூடாது என்ற அறிவுரை பரவலாக உண்டு. தேநீரும் காப்பியும் குடித்தவர்களை ஆராய்ந்த ஆய்வுகள் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. குடித்தபின் நீரால் கொப்பளித்தால் போதும். புகைப்பதை நிறுத்துவதும், புளிப்பான பானங்களைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்ப்பதும் அதைவிட முக்கியம்.

வெண்மை நிரந்தரமல்ல. பழக்கங்களைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் நிறம் மெல்ல இறங்கும். ட்ரே கைவசம் இருந்தால், இறங்கியது படத்தில் தெரியும்போது சில இரவுகள் அணிந்தாலே போதும். மாதாமாதம் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை.

நிறம் பொருந்தாமல் போன பழைய ஃபில்லிங்கை மாற்ற விரும்புபவர், கடைசி ஜெல்லுக்குப் பின் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் புதிய ஃபில்லிங் இறுகி ஒட்டுவதைத் தடுக்கும், நிறமும் அதற்குள் நிலைப்பட்டிருக்காது. அவசரப்பட்டு வைத்த ஃபில்லிங் சீக்கிரம் பெயர்ந்துவிடவும் கூடும், நிறம் பொருந்தாமல் மறுபடி மாற்றவும் நேரிடும்.